நூலுக்கு இட்ட குறி



சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்வோர், ஆத்தூரையும் சின்னசேலத்தையும் கடந்து கள்ளக்குறிச்சியை நெருங்கும்போது, வடபுறத்தே நீலநிறமாய் நீண்டு கிடக்கும் ஒரு மலைத்தொடரைக் காண்பர். அதுவே கல்வராயன் மலை. மலையின் அழகில் மனத்தைப் பறிகொடுத்து வருவோரைச் சாலையின் சுங்கச் சாவடி சற்றே நிறுத்துகிறது. முன்னாளில் அங்கே சில்லறை தேடும் வேலை ஒன்று உண்டு. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ‘பாஸ்டாக்’ முறை கட்டாயமாக்கப்பட்ட பிறகு அவ்வேலை ஓய்ந்தது. வண்டியின் முகப்புக் கண்ணாடியில் ஒரு சிறு சீட்டு ஒட்டியிருக்கிறது. மேலே ஒரு கருவி இருக்கிறது. கருவி கேட்கிறது, சீட்டு பதில் சொல்கிறது, தடைக்கட்டை எழுகிறது. யாரும் யாரையும் தொடுவதில்லை.

அந்தச் சீட்டின் உடன்பிறப்பு ஒன்று நூல்நிலையங்களில் குடியேறியிருக்கிறது. புத்தகங்களின் அட்டைக்கு உட்புறம் ஒட்டிக்கொண்டு, கேட்டால் தன் பெயரைச் சொல்கிறது. ஆர்.எப்.ஐ.டி. என்று சுருக்கமாக வழங்கும் இம்முறையை, வானொலி அலையால் அடையாளம் காணும் முறை எனத் தமிழில் விளக்கலாம். இதன் வரலாற்றையே இன்று உங்களுடன் பேச வந்திருக்கிறேன்.

முதலில் என் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்று. பள்ளியில் பயின்ற நாளில், ஒரு கிளை நூல்நிலையத்திலிருந்து ‘பொன்னியின் செல்வ’னின் முதல் இரண்டு பாகங்களை வாங்கிப் படித்து முடித்தேன். மூன்றாம் பாகம் கிடைக்கவில்லை. பதிவேட்டில் அது இருந்தது. எவரும் இரவல் பெற்றதற்கான அட்டை இல்லை. ஆயினும் அலமாரியில் காணோம். நூலகர் மிக நல்லவர். என்னோடு சேர்ந்து மூன்று மாலை தேடினார். கடைசியில் நான்காம் பாகத்தை என் கையில் கொடுத்து, “தம்பி, இதைப் படி, விட்டுப்போனதை நீயே ஊகித்துக்கொள்” என்றார். ஊகித்தேன், பெரும்பாலும் தவறாகவே ஊகித்தேன். சில ஆண்டுகள் கழித்து இருப்புக் கணக்கு எடுத்தபோது, வேளாண்மைப் பகுதியில் கரும்புச் சாகுபடி பற்றிய இரு நூல்களுக்கு நடுவே அம்மூன்றாம் பாகம் அகப்பட்டதாம். அதற்குள் நான் கல்லூரிக்குச் சென்றுவிட்டேன்.

திருடு போன புத்தகத்தைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு வேறொன்று வாங்கலாம். இடம் மாறிய புத்தகத்துக்கோ அந்தக் கதி மோட்சமும் இல்லை. கணக்கில் அது உயிரோடு இருக்கிறது. ஆதலால் வேறு பிரதி வாங்க மாட்டார்கள். படிப்பவனைப் பொறுத்தவரை அது இறந்துவிட்டது. நூல்நிலையத் தொழிலின் வரலாறு முழுவதும் இந்த ஒரு துன்பத்தோடு நடந்த போராட்டமே என்று எனக்குத் தோன்றுகிறது.

பொருளுக்குக் குறி இடும் வழக்கம் மிகப் பழையது. கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே அதற்கு அரியதொரு சான்று உண்டு. திருக்கோவிலூரை அடுத்த ஜம்பை என்னும் சிற்றூரின் குன்றில், 1981-ஆம் ஆண்டில், பழந்தமிழ் எழுத்தில் ஒரு வரிக் கல்வெட்டுக் கண்டறியப்பட்டது. அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் இது என்பதே அதன் செய்தி. அதியனை அக்கல்வெட்டுச் ‘சதியபுதோ’ என்ற சொல்லால் குறிக்கிறது. அசோகனுடைய கல்வெட்டுக்களில் சேர சோழ பாண்டியரோடு சேர்த்துச் சொல்லப்படும் சதியபுதர் யாவர் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டு வந்தனர். ஒரு பொருளின்மேல் ஒருவன் இட்ட பெயர்க்குறி, ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின் அந்த வாதத்துக்கு விடை தந்தது. அக்குறி இல்லையேல் அது வெறும் பாறைதான்.

நம் ஊர்களில் சலவைத் தொழிலாளர் துணிகளுக்கு இட்டுவந்த சேங்கொட்டைக் குறியை உங்கள் பாட்டிமார் அறிவர். சேங்கொட்டையின் சாறு துணியில் பட்டால் எத்துணை வெளுப்புக்கும் அழியாது. ஒரு வீட்டுக்கு இரண்டு புள்ளி, மற்றொரு வீட்டுக்கு ஒரு கோடும் புள்ளியும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் நூறு வீட்டுத் துணியைப் பிழையின்றிப் பிரித்துக் கொடுத்தனர். குறியில் வீட்டுக்காரரின் பெயர் இல்லை. இன்ன குறி இன்ன வீடு என்பது அவர் நெஞ்சில் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு மீண்டும் வருவேன்.

ஓலைச்சுவடிகளுக்கும் குறி உண்டு. சுவடியின் கயிற்றில் ஒரு சிறு ஓலைத் துண்டைக் கோத்து, அதில் நூலின் பெயரை எழுதி வைப்பர். அத்துண்டு அறுந்து விழுந்தாலோ, கட்டை முழுவதும் அவிழ்த்து ஓலை ஓலையாகப் படித்தாலன்றி உள்ளே இருப்பது இலக்கணமா, மருத்துவமா, வரவு செலவுக் கணக்கா என்று தெரியாது. தஞ்சையில் சரசுவதி மகாலை வளர்த்த இரண்டாம் சரபோசி மன்னர் 1832-ஆம் ஆண்டில் மறைந்தார். அங்கிருந்த வடமொழிச் சுவடிகளுக்கு, பர்னல் என்னும் ஆங்கில நீதிபதி வகைப்படுத்திய அட்டவணை ஒன்றைத் தொகுத்து 1880-இல் வெளியிட்டார். அதன் பிறகே அச்செல்வத்தின் அளவை உலகம் உணர்ந்தது. சுவடிகள் புதிதாக வரவில்லை; இருந்தவை பேசத் தொடங்கின.

மேனாட்டார் வேறொரு வழி கண்டனர். இடைக்காலத்தில் அவர்கள் புத்தகத்தைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்தார்கள். இங்கிலாந்தில் ஹெரிபோர்டு நகரத்துப் பேராலயத்தில் அத்தகைய சங்கிலி நூல்நிலையத்தை இன்றும் காணலாம். புத்தகம் ஓடவும் மாட்டாது, இடம் மாறவும் மாட்டாது. படிப்பவன் அங்கேயே படித்துவிட்டுப் போக வேண்டும். சங்கிலி போன பிறகு அதன் வேலையைப் பூட்டிய அலமாரியும் குறுக்குக் கம்பியும் செய்தன. வேண்டிய நூலின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பெயர் தெரியாத நூலை எப்படிக் கேட்பது?

இந்தக் கேள்வியை நம் நாட்டில் உரக்கக் கேட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த அவர், 1924-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். சேர்ந்த சில நாட்களிலேயே அவ்வேலை சலித்துப்போய், மீண்டும் வகுப்பறைக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டாராம். இங்கிலாந்து சென்று பயின்று வாருங்கள். அப்போதும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று அனுப்பி வைத்தார்கள். இலண்டனில் ஒரு பெருங்கடையில், துளையிட்ட தகடுகளையும் திருகாணிகளையும் கொண்டு பலவகைப் பொம்மைகளைக் கட்டும் விளையாட்டுப் பெட்டியைக் கண்டார். சில உறுப்புக்களை வெவ்வேறாக இணைத்தால் எண்ணற்ற வடிவங்கள் வருவதுபோல, சில அடிப்படைக் குறிகளை இணைத்தே எல்லாப் பொருளுக்கும் எண் கொடுக்கலாம் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. 1933-இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறையின் வித்து அது.

அதற்கு முன்பே, 1931-இல், நூலகவியலின் ஐந்து விதிகளை அவர் வகுத்து வெளியிட்டார். நூல்கள் பயன்படுவதற்கே; ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்; ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர்; வாசகரின் காலத்தைப் பேணுக; நூல்நிலையம் வளரும் உயிர். இவையே அவ்விதிகளின் சாரம். அலமாரிகளைத் திறந்துவிடுங்கள், வாசகர் தம் கையாலேயே நூலை எடுத்துப் பார்க்கட்டும் என்பது அவர் கொள்கை. சில புத்தகங்கள் போய்விடுமே என்று அஞ்சியவர் பலர். நம்பிக்கையால் வரும் நட்டத்தைக் காட்டிலும் பூட்டினால் வரும் நட்டம் பெரிது என்பது அவர் கட்சி. நானும் அக்கட்சியைச் சேர்ந்தவன். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: திறந்த அலமாரியில்தான் புத்தகங்கள் மிகுதியாக இடம் மாறுகின்றன. என் மூன்றாம் பாகத்தைக் கரும்புக்கு நடுவே செருகியவர் என்னைப்போன்ற ஒரு வாசகராகத்தான் இருந்திருப்பார்.

அரங்கநாதன் வற்புறுத்தி வந்த நூலகச் சட்டம், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் முதலாவது பொது நூலகச் சட்டம் அதுவே. சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தது. ஊர்தோறும் கிளைகள் தோன்றின. கள்ளக்குறிச்சி அந்நாளில் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993-இல் விழுப்புரம் மாவட்டத்திற்கு மாறியது. 2019-இல் தானே ஒரு மாவட்டத் தலைநகர் ஆயிற்று. பழைய நூல்களைப் புரட்டுகையில் ஒரே பக்கத்தில் இரண்டு மாவட்டங்களின் முத்திரைகள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடப்பதைக் கண்டிருக்கிறேன். ஊர் மாறவில்லை, புத்தகமும் மாறவில்லை. குறி மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

அட்டையும் பதிவேடும் நெடுங்காலம் ஆண்டன. பின்னர்க் கோட்டுக் குறிகள் வந்தன. கருங்கோடுகளைக் கொண்ட அம்முறை, 1974-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் அமெரிக்காவில் ஒரு கடையில் ஒரு பொட்டல மெல்லும் பசையை விற்றபோது முதன்முதலாக வாணிகத்தில் பயன்பட்டது. நூல்நிலையங்கள் அதை மகிழ்ச்சியோடு ஏற்றன. இரவல் வேலை விரைந்தது. எனினும் அக்கோடுகளைக் கருவி கண்ணால் காண வேண்டும். ஒவ்வொரு புத்தகத்தையும் எடுத்து, திருப்பி, காட்ட வேண்டும். இலட்சம் நூல்களின் இருப்பைச் சரிபார்க்க இலட்சம் முறை கை நீள வேண்டும்.

இனி வானொலிக்கு வருவோம். 1935-ஆம் ஆண்டு பிப்ரவரி 26-ஆம் நாள், இங்கிலாந்தில் டாவென்ட்ரி என்னும் இடத்திலிருந்த பி.பி.சி.யின் சிற்றலை ஒலிபரப்பு நிலையத்துக்கு அருகே ஒரு விமானத்தைப் பறக்கவிட்டனர். வாட்சன் வாட்டும் அவருடைய துணைவரும் செய்த சோதனை அது. நிலையத்தின் அலைகள் விமானத்தில் பட்டு மீள்வதைச் சில கல் தொலைவில் வைத்த கருவி காட்டிற்று. ராடார் பிறந்தது. ஒலிபரப்பு நிலையம் ஒன்றே அதற்குத் தொட்டிலாயிற்று என்பதில் எங்களைப் போன்ற வானொலிப் பேச்சாளருக்குச் சிறிது பெருமை உண்டு. ஆனால் ராடார், வானில் ஏதோ வருகிறது என்று மட்டுமே சொல்லும். வருவது நம்முடையதா பகைவனுடையதா என்று சொல்லாது. ஆகவே இரண்டாம் உலகப் போரில், கேட்டால் விடையளிக்கும் சிறு கருவிகளைத் தம் விமானங்களில் பிரிட்டானியர் பொருத்தினர். சேங்கொட்டைக் குறி வானத்தில் ஏறிற்று எனலாம்.

அக்கருவிகளுக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரமே இல்லாமல் விடையளிக்கும் பொருள் ஒன்று 1945-இல் மாஸ்கோவில் தோன்றியது. உருசியச் சிறுவர்கள் அமெரிக்கத் தூதருக்கு மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசுச் சின்னம் ஒன்றைப் பரிசளித்தனர். தூதர் அதைத் தம் இல்லத்தில் மாட்டி வைத்தார். இசைக்கருவி ஒன்றைப் படைத்துப் புகழ்பெற்ற லியோன் தெர்மின் என்பார் அமைத்த ஒற்றுக் கருவி அதனுள் இருந்தது. மின்கலமோ கம்பியோ அதில் இல்லை. வெளியிலிருந்து வானொலி அலையை அதன்மீது செலுத்தும்போது மட்டும் அது விழித்து, அறையிலுள்ளோர் பேச்சை அவ்வலையில் ஏற்றித் திருப்பி அனுப்பும். 1952 வரை அது அகப்படவில்லை. இடையே 1948-இல், மீளும் அலையைக் கொண்டே செய்தி அனுப்பலாம் என்பதை ஹாரி ஸ்டாக்மன் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையில் விளக்கியிருந்தார். 1973-ஆம் ஆண்டில் சார்லஸ் வால்டன், தொடாமலே கதவைத் திறக்கும் அட்டைக்கு உரிமை பெற்றார். எனினும் புத்தகம் ஒவ்வொன்றுக்கும் ஒட்டத்தக்க அளவுக்கு அதன் விலை இறங்குவதற்குச் சிலிக்கான் சில்லுகள் மலிய வேண்டியிருந்தது.

நூல்நிலையச் சீட்டு வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன். தாளளவு மெல்லிய ஒரு சீட்டில் உலோகக் கம்பிச் சுருள் ஒன்று. அதன் இடையே கடுகினும் சிறிய சில்லு. மின்கலம் இல்லை. ஒரு வீணையின் தந்தியை மீட்டினால், அருகே அதே சுருதியில் கூட்டி வைத்த மற்றொரு வீணையின் தந்தி தொடாமலே அதிர்வதை இசை பயில்வோர் அறிவர். அவ்வாறே படிக்கும் கருவி எழுப்பும் அலைக்குச் சீட்டின் சுருள் இசைகிறது. அவ்வதிர்ச்சியில் எழும் சிறு மின்சாரமே சில்லை எழுப்புகிறது. சில்லு தன் எண்ணைச் சொல்லிவிட்டு உறங்கிவிடுகிறது. பல சீட்டுக்கள் ஒரே சமயத்தில் விடை சொன்னால் குழப்பம் அன்றோ? வகுப்பில் எல்லோரும் ஒன்றாகக் கூவினால் ஆசிரியர் என்ன செய்வார்? முதல் வரிசை மட்டும் பேசுக என்பார். கருவியும் இன்ன எண் உடையவை மட்டும் பேசுக என்று பிரித்துப் பிரித்துக் கேட்டு, கண்ணிமைப் பொழுதில் அனைத்தையும் அறிகிறது.

அந்த அலையின் அதிர்வெண் 13.56 மெகாஹெர்ட்ஸ். வானொலி நேயர்கள் இவ்வெண்ணைக் கூர்ந்து நோக்க வேண்டும். சிற்றலை ஒலிபரப்பில் 22 மீட்டர் வரிசை எனப்படுவது 13.57 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது! கடல்கடந்து கண்டங்களைத் தாண்டும் அலையும், அலமாரியை விட்டு ஒரு முழம் செல்லாத அலையும் அடுத்த வீட்டுக்காரர்கள். சுங்கச் சாவடிச் சீட்டோ இதனினும் மிக உயர்ந்த அதிர்வெண்ணில், 865 மெகாஹெர்ட்ஸ் அளவில் பேசுகிறது. அதனால்தான் அதன் குரல் பல அடி தொலைவுக்கு எட்டுகிறது.

பொது நூல்நிலையத்தில் இம்முறையை முழுமையாகக் கையாண்டு வழிகாட்டியது, தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக வீற்றிருக்கும் சிங்கப்பூர். 1998-ஆம் ஆண்டில் புக்கிட் பாத்தோக் நூல்நிலையத்தில் அது தொடங்கியது. வாசகர் தாமே கருவியின்மேல் நூல்களை அடுக்கி இரவல் பதிந்துகொள்ளலாம். தமிழகத்தில், 2010-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் சென்னைக் கோட்டூர்புரத்தில் முதலமைச்சர் கருணாநிதி திறந்து வைத்த அண்ணா நூற்றாண்டு நூலகம் இம்முறையைக் கையாண்டது. பன்னிரண்டு இலட்சம் நூல்களுக்கு இடம் கொள்ளும் கட்டடம் அது. அத்தகைய கடலில் வழிதவறிய ஒரு நூலை மனிதக் கண்ணால் தேடுவது எத்தகையது என்று எண்ணிப்பாருங்கள்.

வாயிலில் நின்று திருட்டைத் தடுப்பதையே இதன் பெரும்பயனாகப் பலர் கூறுவர். நான் அவ்வாறு கருதவில்லை. கையடக்கமான ஒரு கோலை அலமாரியின் ஓரமாக நகர்த்திக்கொண்டே போனால், இங்கே இருக்கத் தகாத நூல் ஒன்று இருக்கிறது என்று அது கூவிச் சொல்லும். அதுவே பெரும்பயன். என் மூன்றாம் பாகம் சில ஆண்டுகள் காத்திராமல் ஒரு பிற்பகலில் அகப்பட்டிருக்கும்.

குறைகளும் உள. இரும்பு அலமாரியும் பளபளக்கும் உலோகத்தாள் அட்டையும் இவ்வலையைக் கெடுக்கும். நம் தமிழ் நூல்களில் நாற்பது ஐம்பது பக்க மெலிந்த நூல்கள் ஏராளம். அவற்றை நெருக்கி அடுக்கினால் சீட்டும் சீட்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, ஒன்றன் குரலை மற்றொன்று அமுக்கிவிடும். அதனால் சீட்டை ஒரு நூலில் மேலும் மற்றொன்றில் கீழுமாக மாற்றி மாற்றி ஒட்டுவர். இன்னொன்று, சற்றுப் பெரிய கவலை. பையில் நூலோடு தெருவில் செல்பவன் என்ன படிக்கிறான் என்று வழிப்போக்கன் ஒருவன் கருவியால் அறிந்துகொண்டால்? கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மால்னர், வாக்னர் என்னும் இருவர் 2004-ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து எச்சரித்தனர். சீட்டில் நூலின் பெயரையோ வாசகரின் பெயரையோ எழுதாமல், வெறும் எண்ணை மட்டும் வைப்பது ஒரு காப்பு. அந்த எண்ணின் பொருள் நூல்நிலையத்தின் கணக்கில் மட்டும் இருக்கும். நூறு வீட்டுக் குறியை நெஞ்சில் வைத்திருந்த சலவைத் தொழிலாளரின் முறை இதுதான். எண்ணை மட்டும் வைத்தாலும், ஒரே நூல் எங்கெங்கே செல்கிறது என்று தொடர்ந்து பார்க்க இயலும் என்பதையும் அவ்விருவர் சுட்டினர். கவலை முற்றும் தீர்ந்ததாகச் சொல்ல முடியாது.

அந்தக் கணக்கு இல்லாவிட்டால் சீட்டு ஊமை. இதைச் சொல்லும்போதுதான் எனக்குக் கல்வராயன் மலை நினைவுக்கு வருகிறது. 1976-ஆம் ஆண்டு வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த மலை அது. வெள்ளிமலைக்கு மேல் ஏறிச் சிற்றூர்களுக்குச் செல்லும் வழியில், பள்ளிச் சிறுவர் நெடுந்தொலைவு நடந்து வருவதைக் காணலாம். ஓர் அறையில் ஈராயிரம் நூல்களை வைத்துக்கொண்டிருக்கும் சிற்றூர் நூலகருக்கு வாயில் கருவி வேண்டா. அவர் கண்ணே கருவி. மன்னார்குடியில் 1931-ஆம் ஆண்டிலேயே கனகசபைப் பிள்ளை என்பார் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். அந்த வண்டியில் எந்தச் சில்லும் இல்லை.

ஆயினும் மலைச் சிறுவன் கேட்கும் மூன்றாம் பாகம் அவ்வீராயிரத்தில் இல்லாமல் போகலாம். கள்ளக்குறிச்சியில் இருக்கிறதா, சங்கராபுரத்தில் இருக்கிறதா, சென்னைக்கே எழுத வேண்டுமா? இதற்கு விடை சொல்வது எல்லா நூல்நிலையங்களின் கணக்கையும் ஒன்றாக்கிய கூட்டுப் பட்டியல். பெருநூல்நிலையங்களில் சீட்டு ஒட்டுவதற்காக ஒவ்வொரு நூலையும் கையிலெடுக்கும்போது, பிழைபட்ட பெயர்களைத் திருத்தி, விடுபட்டவற்றைச் சேர்த்து, அந்தப் பட்டியலையும் செப்பம் செய்துவிட முடியும். செலவில் பெரும்பங்கு சீட்டுக்கு அன்று, இந்த உழைப்புக்கே ஆகவேண்டும் என்பது என் கருத்து. பட்டியல் ஆயத்தமானபின், கண்டெடுத்த நூலை மலைமேல் ஏற்றுவதற்குப் பேருந்து இருக்கிறது. வெள்ளிமலைக்குச் செல்லும் பேருந்தில் காய்கறிக் கூடைகளுக்கு அருகே ஒரு புத்தகக் கட்டுக்கும் இடம் கிடைக்கும்.